குஞ்ஞீபி குளிப்பாட்டாத ஒருத்தி

மணப்பெண்ணை அலங்கரித்து உட்காரவைத்ததும் எல்லாரும் அவள் கழுத்தைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள். குஞ்ஞீபியின் கண் மட்டும் உச்சந்தலையில் தொடங்கிக் கால் பெருவிரலில் போய் முடியும். பிறகு ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குக் குறுக்கே போகும். அது போய்ச் சேர்வதற்குள் பெண்ணைப் பெற்றவள் குறுக்கே வந்து நின்றுவிடுவாள்.

"இத்தா, நெய்ச்சோறு ஆறுது. நீங்க போய் உக்காருங்க."

"போறேன், போறேன். பட்டு நல்லாருக்கேன்னு பாத்தேன்."

"பட்டை மட்டுந்தான் பாத்தீங்களா?"

"வேற என்னத்தப் பாத்தேன்? நூறு வயசு இருப்பா உன் மக, பயப்படாத."

அவள் பட்டைப் பார்க்கவில்லை என்பது ஆலக்கடவு ஊரில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இறந்தவர்களுக்குச் சுற்றும் கபன் துணிக்கு அளவெடுத்துப் பழகிப்போன கண் அது. உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கும்போது மட்டும் சும்மா இரு என்றால் இருக்குமா? வேண்டுமென்று செய்கிறவள் இல்லை, பாவம். ஆனாலும் புதுத்துணி உடுத்தின பெண்கள் அவளைக் கண்டால் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

ஊரில் ஒரு பெண் கண்ணை மூடினால் ஓர் ஆள் பள்ளிவாசலுக்குப் போகும், இன்னோர் ஆள் குஞ்ஞீபி வீட்டுக்கு ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் யாரோ இறந்த வீட்டில், குளிப்பாட்டத் தயங்கி நின்ற பெண்களைப் பார்த்துப் பொறுக்காமல், "தள்ளுங்க, தண்ணி ஆறுது" என்று செம்பைப் பிடுங்கியவள். இப்போது ஐம்பத்தைந்து வயதாகிறது. அந்தச் செம்பு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. வெள்ளைத் துணியைக் கத்திரி போடாமல் கையாலேயே நேர்கோடாகக் கிழிப்பாள். இலந்தை இலையைக் கசக்கி நுரை எடுப்பாள். நாலு பக்கமும் விரிப்பு கட்டி மறைத்த பிறகு யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் தொலைந்தார்கள். வெளியே இருப்பவர்களிடம் இப்படிச் சிடுசிடுக்கிறவள், உள்ளே மையத்திடம், உயிர் போன அந்த உடம்பிடம், பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டும்: "கையைக் கொஞ்சம் தளர்த்து, கண்ணு. இந்தப் பக்கம் திரும்பலாமா? ம்ம், அவ்வளவுதான். முடிஞ்சுது, முடிஞ்சுது."

முச்சந்தியில் டீக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் சைதலவிக்கு இதில் தீராத குறை உண்டு. "எங்கிட்ட ஒரு நாள் இந்தக் குரல்ல பேசினதில்லை. சரி, செத்தாவது கேட்டுக்கலாம்னா, ஆம்பளையைக் குளிப்பாட்ட மொல்லாக்காதானே வருவாரு" என்பான், கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே.

அவள் சுடுகிற அரிசிப் பத்திரிக்கு ஊரில் பேர் உண்டு. வட்டம் பிசகாது, காகிதம் போல இருக்கும். ஆனால் புதிதாக வாழ வந்த மருமகள்கள் முதலில் கொஞ்சம் தயங்குவார்கள். என்ன கை அது, எதையெல்லாம் தொட்ட கை என்று. குஞ்ஞீபிக்கு அது முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிடும். தயங்கினவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் காட்டுவாள். "இப்ப நீ கழுவு, பாக்கலாம்" என்பாள். மருமகள் கழுவுவாள். "இது கழுவறதா? தண்ணிக்குக் கையைக் காட்டிட்டு எடுத்துட்டே. உன் கைப் பத்திரியை நான் திங்கமாட்டேன், என் கைப் பத்திரியை நீ தின்னு." அதோடு தயக்கம் தீரும். பெரும்பாலும் அழுகையும் வரும். நாக்கில் அவளுக்குக் கருணை கிடையாது. பக்கத்து ஊரில் குளிப்பாட்டுகிறவளைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்வதை எழுத முடியாது.

இந்த ஊருக்கு ஒரு பழக்கம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஜீப்பு பிடித்து ஊரே போகும். ரொட்டிப் பொட்டலம், ஆரஞ்சு, ஒரு சீப்பு நேந்திரன். போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளியின் நெற்றியைத் தொட்டு, அவன் மிச்சம் வைத்த கஞ்சியை "வீணாப் போகுமே" என்று குடித்துவிட்டு வந்தால்தான் மனுஷர். வராதவர் கணக்கு தனியாக நினைவில் இருக்கும். "என் வாப்பா காய்ச்சல்ல கிடந்தப்ப எட்டிப் பாக்காதவன்" என்ற ஒரு சொல்லில் கல்யாணப் பேச்சு நின்றுபோனதுண்டு. அன்பும் அதுதான், மரியாதையும் அதுதான். இதில் போய்க் குற்றம் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவில்லை, வவ்வால் காய்ச்சல் வரும்வரைக்கும்.

குஞ்ஞீபிக்கு ஒரே கூட்டாளி. அடுத்த வேலியில் இருந்த ஆமினக்குட்டி. காலையில் சண்டை போட்டால் மத்தியானத்துக்குள் ஒருத்தி மற்றவளுக்கு மீன்குழம்பு அனுப்புவாள். அதுதான் சமாதானம். யார் முதலில் போவது என்பதில் இரண்டு பேருக்கும் போட்டி. முந்திப் போகிறவளை மற்றவள் குளிப்பாட்ட வேண்டும் என்று பேச்சு.

"வெந்நிதான் ஊத்தணும், சொல்லிட்டேன். பச்சைத் தண்ணி பட்டுச்சுன்னா எந்திரிச்சு உக்காந்து அறைவேன்" என்பாள் ஆமினக்குட்டி.

"அறையறதுக்குக் கை தூக்கணுமே. நான்தான் கட்டிருப்பேனே."

"நீ கட்டுவே. எல்லாத்தையும் கட்டுவே. வேற எவ கையும் என்மேல படக்கூடாது, குஞ்ஞீபி. சிரிக்காத. நிசமாச் சொல்றேன்."

ஆமினக்குட்டியின் அண்ணன் மகன் காய்ச்சலென்று கோழிக்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். என்ன காய்ச்சலென்று அப்போது யாருக்கும் தெரியாது. அவள் போகாமல் இருப்பாளா? அவன் வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டது அவள்தான். தன் முக்காட்டுத் துணியால் வாயைத் துடைத்துவிட்டதும் அவள்தான். திரும்பி வந்து சில நாளில் அவளுக்கும் காய்ச்சல். தலைவலி என்றாள், பிறகு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்து டவுன் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் உயிர் போய், சாதாரணக் காய்ச்சல் சாவாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

குஞ்ஞீபி அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை, வேலை இருந்தது. தாமிர அண்டாவில் தண்ணீரை அவளே ஏற்றினாள். விரலைவிட்டுப் பார்த்துப் பார்த்துச் சூட்டைச் சரிசெய்தாள். பின்முற்றத்தில் விரிப்புகளைக் கட்டினார்கள். மையத்தைக் கொண்டுவந்து பலகையில் கிடத்த வேண்டியதுதான் பாக்கி. முழங்கைக்கு மேலே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் நின்ற நேரத்தில், வாசலில் சுகாதார இலாகா ஜீப்பு வந்து நின்றது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் லிஸி இறங்கினாள். அவள் பின்னால் கவச உடைப் பொட்டலங்களோடு ஆண்கள். லிஸிக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து எத்தனை வீட்டு வாசலில் இதையே சொன்னாளோ. "பையனுக்கு நிபான்னு, அந்த வவ்வால் காய்ச்சல்னு ரிசல்ட் வந்திருச்சு. இவங்களுக்கும் அதுவாத்தான் இருக்கும். யாரும் தொடாதீங்க. குளிப்பாட்ட வேண்டாம். நாங்க மூடிக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிடறோம்."

அவ்வளவுதான், முற்றம் கொதித்துவிட்டது. குளிப்பாட்டாமல் அடக்குவதா? பன்றிக்குட்டியா அவள்? இளவட்டங்கள் ஜீப்பை மறித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கேள்விதான் இன்னும் கூர்மை: முன்பின் தெரியாத நாலு ஆண்கள் அவளைத் தொட்டுத் தூக்குவதா? முகம் தெரியாத ஆண்கள் எதிரில் வந்தால் முக்காட்டைக் கன்னம்வரை இழுத்துவிட்டுக்கொண்டவள் அவள். "நீங்க போங்க சிஸ்டர். நாங்களே குளிப்பாட்டிக்கிறோம். எங்க உசுரு, எங்க பாடு" என்றாள் ஒருத்தி. பத்துப்பேர் ஆமாம் போட்டார்கள். அந்தக் கணத்தில் குஞ்ஞீபி "வாங்கடி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பத்துப்பேரும் உள்ளே போயிருப்பார்கள்.

அவள் லிஸியிடம் போனாள். "இது எதுல ஒட்டும்?"

"எச்சில்ல, வாந்தியில, உடம்புலேருந்து வர்ற எல்லாத் தண்ணியிலயும், இத்தா."

"செத்த பிறகுமா?"

"செத்த பிறகும்தான்."

குஞ்ஞீபி தன் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள்லாம் தண்ணி ஊத்துவீங்க. வயித்தை அமுக்கறது யாரு? நான். வாயைத் துடைக்கறது யாரு? நான். அப்ப என்னென்ன வரும், எதுவரைக்கும் தெறிக்கும்னு உங்க யாருக்காவது தெரியுமா? ஒவ்வொரு தடவையும் என் மார்வரைக்கும் நனைஞ்சிருக்கும். சிஸ்டர் சொல்றது நெசம். இன்னைக்கு இவளை யாரும் குளிப்பாட்டப் போறதில்லை. நானும்தான்."

யாரும் எதிர்பார்க்கவில்லை. "கூட்டாளின்னு சொல்லிட்டுக் கைவிடறியே" என்றாள் அந்த ஒருத்தி. குஞ்ஞீபி மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அந்தப் பேச்சு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை. வெந்நீரைக் காய்ச்சிவைத்துவிட்டு ஊற்றமாட்டேன் என்று சொல்ல வேண்டிவந்தவள் அவள்.

பள்ளிவாசல் உஸ்தாது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நிர்ப்பந்தம் வந்தால் தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண் போதும், மூடின உறைக்குமேல் தடவினாலும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்றார். ஆண்கள் அடங்கினார்கள். பெண்கள் அடங்கவில்லை. மண்ணோ தண்ணீரோ, தொடப்போகிற கை யாருடையது?

"என் கைதான்" என்றாள் குஞ்ஞீபி. "சிஸ்டர், அந்தச் சட்டையில எனக்கொண்ணு கொடுங்க."

லிஸி மாட்டேன் என்றாள். பழகாதவர்கள் போடக்கூடாது, கழற்றும்போது ஒரு விரல் தவறினால் போச்சு என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். "பழக்கிக் கொடுங்க. உள்ள ரெண்டும் பொம்பளையா இருந்தா இந்தக் கூட்டம் ஜீப்புக்கு வழி விடும். இல்லேன்னா சாயந்திரம்வரைக்கும் நீங்களும் இங்கதான், அவளும் இங்கதான்." லிஸி டாக்டருக்குப் போன் போட்டாள். நீளமாகப் பேசினாள். பிறகு மாட்டுக்கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கையுறைக்கு மேல் கையுறை, கண்ணாடி, முகமூடி என்று ஒவ்வொன்றாகப் போடவும் கழற்றவும் சொல்லிக்கொடுத்தாள். போட்டுக் கழற்றி, மறுபடி போட்டுக் கழற்றி, லிஸிக்குத் திருப்தியாகும்வரை குஞ்ஞீபி வாயைத் திறக்கவில்லை. ஊரில் யாரிடமும் அவள் இவ்வளவு அடக்கமாக எதையும் கேட்டுக்கொண்டதை சைதலவி பார்த்ததில்லையாம்.

வெள்ளை உடையில் அவள் நடந்து வந்ததைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டாள். "சிரிங்கடி. உள்ள என்னைப் பிரியாணி மாதிரி தம் போட்டிருக்கு" என்றது முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஆண்கள் உடம்பை மூடுகிற ஜிப்பு வைத்த உறையை வாசற்படியில் வைத்துவிட்டு விலகினார்கள். இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். ஆமினக்குட்டியை இருந்த துணியோடேயே உறைக்குள் வைத்து, முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்த நேரத்தில் அவள் மகள் சல்மத்து வந்து சேர்ந்தாள். தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். உம்மாவுக்குக் காய்ச்சலென்று கேள்விப்பட்டு, பால்குடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவளுக்கு வழியிலேயே சாவுச் செய்தி. குழந்தையை யார் கையிலோ திணித்துவிட்டு, தடுத்தவர்களைத் தள்ளிக்கொண்டு அறைவாசலுக்கு வந்துவிட்டாள்.

முகத்தை மூடுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கூப்பிட்டு நெற்றியில் முத்தமிடச் சொல்வது வழக்கம். கூப்பிடுகிறவளும் எப்போதும் குஞ்ஞீபிதான். குழந்தைகள் பயந்து ஒதுங்கினால்கூடத் தூக்கிக் கொடுத்து முத்தமிட வைப்பாள். அன்றைக்கு அவள் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"குஞ்ஞீபித்தா, நகருங்க."

"அங்கேயே நில்லு, சல்மத்து."

"ஒரே ஒரு தடவை. நெத்தியில. வாயைக்கூட மூடிக்கிறேன்."

"உனக்குக் கைக்குழந்தை இருக்கு."

"எனக்கு ஒரு உம்மாதான் இருக்கு. நீங்க அவளுக்குக் கூட்டாளியா, இல்ல போலீசா?"

"இன்னைக்குப் போலீசுதான்."

சல்மத்து அங்கேயே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டாள். குஞ்ஞீபி திரும்பி உள்ளே போனாள். உறைக்குமேல் முகம் இருக்கும் இடத்திலும் கை இருக்கும் இடத்திலும் மண்ணைத் தடவி ஓதுவதற்கு முன்னால், ஜிப்பை இழுத்து மூட வேண்டும். லிஸி கை நீட்டியபோது அவளை விலக்கிவிட்டு, குஞ்ஞீபியே இழுத்தாள். அந்தச் சத்தம் முற்றம்வரை கேட்டது.

அடக்கம் முடிந்ததும் இரண்டு வீட்டுக்கும் தனிமை. அண்டாத் தண்ணீரை யாரும் தொடாமல் அது அங்கேயே ஆறிக் கிடந்தது. அந்த வீட்டையும் குஞ்ஞீபி வீட்டையும் சேர்த்துக் கயிறு கட்டினார்கள், டீக்கடை பூட்டிக் கிடந்தது. "எங்க உசுரு, எங்க பாடு" என்று குதித்தவர்கள் அவள் வீட்டைக் கண்டதும் ரோட்டின் மறுபக்கம் போய் நடந்தார்கள். அரிசியும் மீனும் வேலிக்கு வெளியே கல்லின்மேல் வந்து இருக்கும், கொண்டுவந்த ஆள் ஓடிவிட்டிருக்கும். தினமும் கவச உடையோடு வந்து காய்ச்சல் பார்த்தவள் லிஸி. குஞ்ஞீபிக்கு ஒரு நாள் தலை வலித்தது. சைதலவியைத் திண்டாடவிட்டுத் தனியறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அது வெறும் தலைவலிதான். ஆனால் அந்த ராத்திரியைப் பற்றி அவன் பேசும்போது இன்றைக்கும் சாயா கைதவறிச் சிந்தும். ஆலக்கடவில் அதன்பிறகு ஒருவருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. ஆமினக்குட்டியின் புருஷனுக்கு வரவில்லை, சல்மத்துக்கு வரவில்லை, குழந்தைக்கு வரவில்லை. கயிறு அவிழ்ந்ததும் ஊர் வாயும் அவிழ்ந்தது. "எங்க குஞ்ஞீபி மாதிரி எந்த ஊர்ல இருக்கா" என்று ஜீப்பை மறித்தவர்களே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மனுஷ சுபாவம், என்ன செய்ய.

இப்போது காய்ச்சல் வீடு என்றால் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஜீப்பிலிருந்து இறங்குகிற கூட்டத்துக்கு ஒரு சலாம் சொல்லி, ஆரஞ்சுப் பையைத் தான் வாங்கிக்கொண்டு, "வந்தீங்க, அல்லாஹ் பாத்துட்டான். ஜன்னல் வழியாக் கைகாட்டிட்டுக் கிளம்புங்க" என்பாள். கஞ்சி மிச்சத்தைக் குடிக்கப் போன ஒரு பெரியமனுஷனின் கையிலிருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கிறாள். அவர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. "பேசலேன்னா பரவால்லை, உசுரோட பேசாம இருக்காருல்ல" என்கிறாள். குளிப்பாட்டக் கூப்பிட வருகிற ஆளிடம் முதல் கேள்வி, காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாளாய், யார் யாரைப் போய்ப் பார்த்தார்கள். பதில் குழறினால் லிஸிக்குப் போன் போகும்வரை செம்பை எடுக்கமாட்டாள். கையுறை இல்லாமல் இப்போது எந்த மையத்தையும் தொடுவதில்லை. "அவங்க கோவிச்சுக்கமாட்டாங்க. கோவிச்சுக்கறதெல்லாம் வெளிய நிக்கறவங்கதான்."

சல்மத்து மட்டும் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வாப்பாவைப் பார்க்க வருவாள், இந்தப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிப்போவாள். குஞ்ஞீபி அவள் வருகிற நாளில் மீன்குழம்பு வைத்து அனுப்புவாள். சட்டி அப்படியே திரும்பி வரும். இதைப்பற்றி யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், "அவ உம்மா, அவ கோவம். உங்களுக்கென்ன அங்க வேலை" என்று விரட்டிவிடுவாள்.

குழந்தை நடக்கத் தொடங்கியிருந்த சமயம், ஒரு நாள் முற்பகலில் சல்மத்து வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குஞ்ஞீபி பத்திரிக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு."

"உக்கார வரலை. ஒண்ணு கேக்கணும்." சல்மத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க பண்ணது சரின்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் தெரியுது. பிள்ளை முகத்தைப் பாக்கறப்பல்லாம் தெரியுது. ஆனா தூங்கப் போனா அந்த ஜிப்பு சத்தம்தான் கேக்குது, குஞ்ஞீபித்தா. உம்மா முகம் ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. கடைசியில எப்படி இருந்துச்சு?"

மறைப்புக்குள் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி, அது குளிப்பாட்டினவளோடு மண்ணுக்குப் போக வேண்டியது. இத்தனை வருஷத்தில் எந்த மகளுக்கும் எந்தத் தங்கைக்கும் குஞ்ஞீபி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சல்மத்துக்கும் அது தெரியும். "சொல்லமாட்டீங்கன்னு தெரியும்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டே. "கேக்காம இருக்க முடியலை."

குஞ்ஞீபி அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பக்கத்து அறைக்குப் போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். கால்களைச் சேர்த்துக்கொண்டாள். முக்காட்டைக் கன்னம் இரண்டும் மறையும்படி இழுத்துத் தாடைக்குக் கீழே சொருகினாள். முகத்தை வலப்பக்கம் ஒரு சிறிது சாய்த்து, நெற்றிச் சுருக்கத்தை விட்டு, உதட்டின் இடது ஓரத்தை மட்டும், ஆமினக்குட்டி வம்பு பேசத் தொடங்கும்போது தூக்குவாளே, அப்படிக் கொஞ்சம் தூக்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் காலடி வந்தது. கட்டில் சட்டம் அழுந்தியது. நெற்றியில் ஒரு மூச்சு, பிறகு உதடு பட்டது. குஞ்ஞீபி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்தாள்.